முக்கூடற் பள்ளு: நகைச்சுவையில் பெண்ணும் நாடும்

முக்கூடற் பள்ளு தாமிரபரணிக் கரையில் தோன்றிய சிற்றிலக்கியம். பள்ளு வகை நூல்களுள் மிகவும் புகழ்பெற்றது. ஆசிரியர் பெயர் உறுதியாகத் தெரியவில்லை. பொதுவாக 17ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது எனக் கருதப்படுகிறது. சிந்து, விருத்தம் முதலிய பாவகைகளால் ஆன இந்நூல், பாத்திரங்கள் மேடையில் தோன்றிப் பாடும் நாடகப் போக்கில் அமைந்தது.

இடம்

தாமிரபரணி, சிற்றாறு, கயத்தாறு ஆகிய மூன்றும் கூடும் இடமே முக்கூடல். திருநெல்வேலிக்கு அருகிலுள்ள இன்றைய சீவலப்பேரிப் பகுதி இது. பாப்பாக்குடி அருகிலுள்ள முக்கூடல் என்னும் ஊர் வேறு. நூல் போற்றும் இறைவன் முக்கூடல் அழகர்.

கதை

உழவுத் தொழிலாளியான அழகக்குடும்பனுக்கு மனைவியர் இருவர். மூத்தவள் முக்கூடற் பள்ளி, இளையவள் மருதூர்ப் பள்ளி. இளையவள் வீட்டிலேயே தங்கி வேலையை மறக்கும் கணவனைப் பற்றி மூத்தவள் பண்ணைக்காரனிடம் முறையிடுகிறாள். அவன் தொழுவில் மாட்டப்படுகிறான். பிறகு மனமிரங்கி, அவனை விடுவிக்க மன்றாடுபவளும் மூத்தவளே. உழவு, நடவு, அறுவடை முடிந்தபின் மனைவியர் இருவரும் ஏசிக்கொள்கின்றனர், இறுதியில் சமாதானமாகின்றனர்.

இரு பெண்கள், இரு கரைகள்

அக்காலத்தில் ‘நாடு’ என்பது ஆற்றங்கரைப் பகுதி ஒன்றையும் குறித்தது. மூத்தவள் ஆசூர் வடகரை நாட்டையும், இளையவள் சீவலமங்கைத் தென்கரை நாட்டையும் தத்தம் நாடாகப் பெருமை பேசுகின்றனர். மூத்தவள் வைணவம், இளையவள் சைவம். ஆகவே சக்களத்திச் சண்டை இரு நாடுகளின் சண்டையாகவும் இரு சமயங்களின் சண்டையாகவும் மாறுகிறது. சிவன் உடுத்த துணியின்றிப் புலித்தோல் கட்டியதை மூத்தவள் கேலி செய்தால், இராமன் மரவுரி உடுத்ததை இளையவள் சுட்டுகிறாள். கற்றோர் வாதப்போரில் பேசும் பொருளை, நெல் நடும் பெண்கள் வீட்டுப் பேச்சில் பேசுவதே நகைச்சுவைக்கு அடிப்படை. யாரும் வெல்வதில்லை. இரு கரைகளுக்கும் நீர் தருவது ஒரே ஆறு; இருவரும் உழைப்பது ஒரே பண்ணையில்.

ஆங்கில மேடையுடன் ஓர் ஒப்பீடு

ஏறத்தாழ இதே காலத்தில் இங்கிலாந்திலும் பாலினமும் நாட்டு அடையாளமும் மேடை நகைச்சுவைக்குப் பொருளாயின. 1660க்குப் பிறகு அங்கே பெண் வேடங்களில் பெண்களே நடிக்கத் தொடங்கினர். ஜார்ஜ் எத்தரிஜின் ‘தி மேன் ஆஃப் மோட்’ 1676இல் அரங்கேறியது. அதில் வரும் சர் ஃபாப்லிங் ஃப்ளட்டர் பாரிசிலிருந்து திரும்பியவன். தன் பிரெஞ்சு உடைகளைக் காட்டிப் பெருமையடிப்பவன். அவனைக் கண்டு சிரித்த கூட்டம், உண்மையான ஆங்கில ஆண்மகன் யார் என்பதையும் சேர்த்தே முடிவு செய்தது. அங்கே அந்நிய மோகம் கொண்ட ஆண் நாட்டின் எல்லையைக் காட்டினான். முக்கூடலில் அந்த எல்லையைப் பெண்களின் வாய்ச்சொல் வரைந்தது.

சிரிப்பின் மறுபக்கம்

உழவர்களை நகைக்கும் இந்நூல் பண்ணைக்காரனையும் விடுவதில்லை. அவன் தோற்றமும் கேலிக்குள்ளாகிறது. ஆயினும் தொழுமரத்தில் மாட்டும் அதிகாரம் அவன் கையில்தான் இருக்கிறது. கணவனின் அன்பையும் நெல்லின் பங்கையும் கேட்க, பெண் அவனிடமே போக வேண்டியுள்ளது. நெல் வகைகள், மாட்டு வகைகள், மீன் வகைகள், மழைக்குறிகள் என உழைப்பாளரின் அறிவை நூல் விரிவாகப் பதிவு செய்கிறது. அந்த அறிவுக்கு உரியவர்களோ விளைந்த நிலத்துக்கு உரியவர்கள் அல்லர். இன்று இதைப் படிப்பவர், ஏசலின் சுவையோடு அந்த வேறுபாட்டையும் காண முடியும்.