தலைக்கவசம்: ஒரு முறையே உதவும் காவல்

அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் நம் நாட்டிற்குச் சிறந்த சைக்கிள் பந்தய வீரர்களை அளித்துள்ளன. கார் நிக்கோபாரைச் சேர்ந்த டெபோரா ஹெரால்டு, 2018-ஆம் ஆண்டு உலக இளையோர் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்ற ஈசோ ஆல்பென் ஆகியோரைக் கண்டு பயிற்சிக்கு முன்வரும் சிறுவர்க்கு ஆசிரியர்கள் முதற்கண் உணர்த்த வேண்டிய உண்மை ஒன்றுண்டு: மோதலுக்குள்ளான தலைக்கவசத்தை மீண்டும் அணிதலாகாது.

கவசத்தின் காக்கும் ஆற்றல் பெரிதும் மேலோட்டில் இல்லை. உள்ளேயிருக்கும் தெர்மோகோல் வகை நுரைப்பொருளிலேயே உள்ளது. தலை தரையில் மோதுங்கால் அந்நுரையின் நுண்ணறைகள் நசுங்குகின்றன. அதனால் தலையின் வேகம் தணிவதற்கான நேரம் சற்று நீளுகிறது. தாக்கும் விசை குறைகிறது. ஆனால் நசுங்கிய நுரை, ரப்பரைப் போல் முன்னிலைக்கு மீள்வதில்லை. அதே இடத்தில் மறுபடி அடிபட்டால் விசையின் பெரும்பகுதி தலையையே சேரும். மேலோடு பழுதின்றித் தோன்றினும் உள்ளே பிளவு மறைந்திருக்கலாம். எனவே அதனைத் தம்பி தங்கையருக்குக் கொடுப்பதும் தவறு. வார்களை அறுத்துக் கழித்துவிடுவதே முறை.

புதியது வாங்குவோர் சி.பி.எஸ்.சி. அல்லது இ.என். 1078 என்னும் தரக்குறிப்பு உள்ளதா என நோக்குக. முன்னதன்படி, கவசத்தை 2 மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான பீடத்தின்மீது விழச்செய்து சோதிப்பர். கவசம் புருவத்திற்கு இரு விரற்கடை மேலே சமமாக அமைதல் வேண்டும். தலையை அசைத்தால் நழுவலாகாது. வளரும் பிள்ளைக்கென்று பெரிதாக வாங்கிய கவசம், விழும்போது விலகிவிடும்.