பழைய சைக்கிள் எந்த ஊரில் பிறந்தது?

“ஆச்சி! பழைய இரும்பு இருக்கா?”

வாசலில் குரல் கேட்கிறது. பின்கட்டில் ஒரு சைக்கிள் சுவரோடு சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. டயர் இற்றுப் போய்விட்டது. மட்கார்டில் துரு ஏறிவிட்டது. அதை ஓட்டிய ஐயா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. எடைக்குப் போட்டுவிடலாமா என்ற எண்ணம் வீட்டில் எல்லோருக்கும் வருகிறது.

கானாடுகாத்தானில் பெரிய வீடுகள் பல உண்டு. இந்த ஊரார் பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து தொழில் செய்தவர்கள். வீட்டுக்குத் தேக்கு பர்மாவில் இருந்து வந்தது. பளிங்கு இத்தாலியில் இருந்து வந்தது. அந்தக் காலத்துச் சைக்கிளும் பெரும்பாலும் கப்பலில் வந்ததுதான்!

எடைக்குப் போடுவதற்கு முன் அந்தச் சைக்கிளைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். அது தன் கதையைத் தானே சொல்லும்.

கழுத்தில் இருக்கும் முத்திரை

முதலில் ஹேண்டில்பாருக்குக் கீழே, முன்பக்கக் குழாயைப் பாருங்கள். அங்கே ஒரு சிறு தகடு இருக்கும். அதுதான் கம்பெனியின் முத்திரை.

மூன்று துப்பாக்கிகள் ஒன்றோடொன்று சாய்ந்து நின்றால், அது பி.எஸ்.ஏ. சைக்கிள். 1861ஆம் ஆண்டு பர்மிங்காம் நகரில் துப்பாக்கி செய்யத் தொடங்கிய கம்பெனி அது. பிறகு சைக்கிளும் செய்தது.

தகடு விழுந்துவிட்டதா? கவலை வேண்டாம். பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தைப் பாருங்கள். கொக்குத் தலை தெரிந்தால் ராலே. விரித்த கை தெரிந்தால் ரட்ஜ். சின்னஞ்சிறு மனித உருவங்கள் வரிசையாக நின்றால் ஹம்பர். எழுத்துத் தெரியாதவர்கூடப் படித்துவிடலாம்!

ஒரே பெயர், இரண்டு ஊர்

ஆனால் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. இதற்கு நல்ல உதாரணம், ஹெர்குலிஸ்.

1910ஆம் ஆண்டு பர்மிங்காமில் கிரேன் சகோதரர்கள் தொடங்கியது ஹெர்குலிஸ் கம்பெனி. மலிவான விலை, உறுதியான வண்டி என்று பெயர் எடுத்தது. பின்னர் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்ற பெரிய கம்பெனியின் கைக்கு அது வந்தது.

கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் இருக்கிறது பள்ளத்தூர். அந்த ஊர்க்காரர் திவான் பகதூர் அ.மு. முருகப்ப செட்டியார். 1900ஆம் ஆண்டு பர்மாவில் லேவாதேவித் தொழில் தொடங்கியவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பர்மாவைப் பிடிக்கும் முன்பே, அந்தக் குடும்பம் தொழிலை இந்தியாவுக்கு மாற்றியது.

1949ஆம் ஆண்டு முருகப்பா குழுமமும் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து, சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியைத் தொடங்கின. அம்பத்தூரில் தொழிற்சாலை எழுந்தது. 1951இல் முதல் ஹெர்குலிஸ் சைக்கிள் வெளியே வந்தது.

ஆகவே பின்கட்டில் இருக்கும் ஹெர்குலிஸ், பர்மிங்காமில் பிறந்ததாகவும் இருக்கலாம். அம்பத்தூரில் பிறந்ததாகவும் இருக்கலாம். சீமையில் இருந்து கப்பலில் வந்ததோ, பக்கத்து ஊர்க்காரர் தொழிற்சாலையில் செய்ததோ! பெயர் ஒன்றுதான். கதை வேறு.

வயதை அறிவது எப்படி?

சீட்டுக்குக் கீழே உள்ள இணைப்பிலும், பெடல் அச்சுக்கு அடியிலும் பாருங்கள். எண் வெட்டியிருக்கும். படிக்க முடியவில்லை என்றால், அதன்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். காசின்மேல் காகிதம் வைத்துப் பிள்ளைகள் தேய்ப்பார்கள் அல்லவா? அதே வித்தைதான்.

பின்சக்கரத்தில் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருந்தால் அதிர்ஷ்டம். பலவற்றில் ஆண்டும் மாதமும் வெட்டியிருக்கும். 52, 6 என்று இருந்தால், அந்த ஹப் 1952 ஜூன் மாதம் செய்யப்பட்டது.

முலாமும் பேசும். லேசான மஞ்சள் சாயலில் மின்னினால் நிக்கல். நீலச் சாயலில் பளபளத்தால் குரோமியம். குரோமியம் பரவியது 1930ஐ ஒட்டித்தான். 1939 முதல் 1945 வரை நடந்த உலகப் போரின்போது குரோமியத்துக்குப் பஞ்சம். அப்போது இங்கிலாந்தில் பல பாகங்களுக்குக் கறுப்பு வர்ணம் மட்டுமே பூசினார்கள்.

ஒரே அடையாளத்தைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது. நம் ஊரில் சைக்கிளுக்குச் சக்கரம் மாறும், சீட் மாறும், சங்கிலி மாறும். சீட்டில் ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று இருந்தால், சீட் மட்டுமே இங்கிலாந்தாக இருக்கலாம். முத்திரை, எண், முலாம் மூன்றும் ஒத்துப் போனால் நம்பலாம்.

பெட்டியைத் திறந்து பாருங்கள்

பழைய கணக்குப் புத்தகத்தையும் புரட்டிப் பாருங்கள். சைக்கிள் வாங்கிய செலவு எழுதியிருக்கலாம். ‘கர வருஷம் சித்திரை’ என்று இருந்தால், அது 1951 ஏப்ரல், மே. பழைய ரசீது, புகைப்படம், சைக்கிள் வரி கட்டியதற்குக் கொடுத்த வில்லை இவையும் சாட்சிகளே.

வர்ணம் பூசாதீர்கள்!

பழைய சைக்கிளைக் கண்டதும் பலர் செய்யும் முதல் வேலை, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புது வர்ணம் அடிப்பது. பெரிய தவறு அதுதான். குழாயில் ஒட்டியிருந்த கம்பெனிப் பெயரும், பொன் கோடுகளும், பழைய வர்ணமும் ஒரு மணி நேரத்தில் போய்விடும். பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் திரும்பி வராது.

மெல்லிய துணியில் சிறிது மெஷின் எண்ணெய் தொட்டு, மறைவான ஓர் இடத்தில் முதலில் துடைத்துப் பார்க்க வேண்டும். பழுதில்லை என்றால் மற்ற இடங்களை மெதுவாகத் துடைக்கலாம். கழற்றிய ஒரு திருகாணியைக்கூட எறியக் கூடாது.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் உண்டு. செட்டிநாட்டு வீடுகளில் இருந்து கழிந்த கதவு, தூண், பாத்திரம் எல்லாம் அங்கே விலைக்கு வருகின்றன. வாங்குகிறவருக்குப் பொருள் கிடைக்கும். யார் வீட்டுப் பொருள், யார் பயன்படுத்தியது என்ற கதை கிடைக்காது.

விற்பதும் வைத்துக் கொள்வதும் அவரவர் விருப்பம். ஆனால் அதற்கு முன் ஒரு காரியம் செய்யலாம். வீட்டில் மூத்தவர்களிடம், “ஆயா, இதை ஐயா எங்கே வாங்கினார்கள்?” என்று கேட்டு எழுதி வைக்கலாம். இரும்பில் வெட்டிய எண் இன்னும் நூறு ஆண்டு இருக்கும். ஆயாவின் ஞாபகம் அதுவரை காத்திருக்காது.