உண்டு என்பதும் கண்டடைதலும்: சைலோ உபகூட்டங்களைத் தேடும் முறைகள்

நோர்வே நாட்டவரான லூட்விக் சைலோ 1872இல் ஏறத்தாழப் பத்துப் பக்கக் கட்டுரையொன்றை வெளியிட்டார். பல்கலைக்கழகப் பேராசிரியராக அன்றி, சிறு நகரமொன்றின் பாடசாலை ஆசிரியராகவே அவர் அப்போது பணியாற்றினார் என்பது நோக்கற்பாலது. அக்கட்டுரையின் பிரதான முடிவு வருமாறு: முடிவுள்ள கூட்டமொன்றின் உறுப்புகளின் எண்ணிக்கையை மீதியின்றி வகுக்கும் ஒரு முதன்மை எண்ணின் மிகப் பெரிய வலு எதுவோ, சரியாக அத்தனை உறுப்புகளைக் கொண்ட உபகூட்டம் அக்கூட்டத்தினுள் நிச்சயம் உண்டு.

உண்டு; ஆயின் எங்கே? 1959இல் வீலாண்ட் அளித்த நிறுவல் பாடநூல்கள் விரும்பி எடுத்தாளும் அழகுடையது. எனினும் அது எண்ணிக்கைகளை ஒப்பிட்டே முடிவை எய்துகின்றது. உபகூட்டத்தைத் தேடிச் செல்லும் நடைமுறை வழியை அது தருவதில்லை.

றூபிக் கனசதுரத்தை எடுத்துக்கொள்வோம். ஆறு முகங்களின் திருப்பங்கள் பிறப்பிக்கும் கூட்டத்தில் 43,252,003,274,489,856,000 உறுப்புகள் உள்ளன. செக்கனுக்கு ஒரு கோடி வீதம் எழுதினாலும் ஓர் இலட்சத்து முப்பதினாயிரம் ஆண்டுகளுக்கு மேல் செல்லும். இவ்வெண்ணை வகுக்கும் 2இன் மிகப் பெரிய வலு 27ஆம் வலு, அதாவது 134,217,728. நமக்குத் தரப்படுவனவோ ஆறு வரிசைமாற்றங்கள் மட்டுமே. உறுப்புகளைப் பட்டியலிடாமலே கூட்டத்தின் பருமனை அறியவும், ஒரு வரிசைமாற்றம் அதனுள் அடங்குமா எனச் சோதிக்கவும் சாள்ஸ் சிம்ஸ் வகுத்த முறை, கணனியில் இத்துறைக்கு அத்திவாரமாயிற்று.

தேடலின் அடிப்படை படிப்படியான ஏற்றமே. 1, 2, 3, 4 ஆகியவற்றின் 24 வரிசைமாற்றங்களுள் 8 உறுப்புடைய உபகூட்டத்தைத் தேடுவோம். 1ஐயும் 2ஐயும் மாற்றுதலோடு தொடங்கின் உறுப்புகள் இரண்டு. இவ்வுபகூட்டத்தைக் குலைக்காத வரிசைமாற்றங்களுள் 3ஐயும் 4ஐயும் மாற்றுதல் உண்டு. அதனைச் சேர்க்க நான்காகும். இந்நான்கையும் மொத்தமாகக் குலைக்காதது, 1ஐ 3உடனும் 2ஐ 4உடனும் ஒருங்கே மாற்றுதல். அதனையும் சேர்க்க எட்டு. உபகூட்டம் உச்சத்தை எட்டாதவரை இத்தகைய புதிய உறுப்பு எப்போதும் கிடைக்கும் என்பது தேற்றம்.

இடர்ப்பாடு இங்குதான் தோன்றுகின்றது. ஓர் உபகூட்டத்தைக் குலைக்காத உறுப்புகள் அனைத்தையும் விரைந்து காணும் பொதுமுறை எதுவும் அறியப்படவில்லை. ஆகவே பட்லரும் கனனும் வேறு வழி நாடினர். சைலோ உபகூட்டமொன்றின் எல்லா உறுப்புகளோடும் பரிமாறத்தக்க ஓர் உறுப்பு கிடைப்பின், அவ்வுறுப்போடு பரிமாறுவன யாவும் சேர்ந்த உபகூட்டம் அச்சைலோ உபகூட்டத்தை முழுமையாக உள்ளடக்கும். பெரும்பாலும் அது மூலக் கூட்டத்தினும் சிறிது. தேடல் அதனுள் சுருங்கும்.

வரிசைமாற்றக் கூட்டங்களில் இத்தேடலைப் பல்லுறுப்புக் கோவையொன்றினால் வரையறுக்கத்தக்க காலத்தில் முடிக்கலாம் என 1985இல் வில்லியம் கன்ரர் நிறுவினார். ஆனால் அந்நிறுவல், முடிவுள்ள எளிய கூட்டங்கள் யாவற்றையும் வகைப்படுத்தும் பெருந்தேற்றத்தில் தங்கியுள்ளது. அத்தேற்றமோ பல்லாயிரம் பக்கங்களிற் பரந்தது. 1983இல் நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டபோதும், அதிலிருந்த பாரிய இடைவெளியொன்றை அஷ்பாக்கரும் சிமித்தும் 2004இலேயே அடைத்தனர். பத்துப் பக்கங்களில் உண்டெனக் காட்டப்பட்ட பொருளை விரைவிற் கண்டடையலாம் என உறுதிகூற இத்துணை பெரிய துணை வேண்டியிருந்தமை எமக்கு வியப்பளிக்கின்றது. கணனியில் இயங்கும் செய்நிரல்களோ இவ்வுறுதிக்குக் காத்திருப்பதில்லை. எழுமாறாக ஓர் உறுப்பைத் தெரிந்து, அதனைத் தக்க வலுவுக்கு உயர்த்தி, ஏற்றத்தைத் தொடங்கிவிடுகின்றன.