பனி மண் காத்த பழைய சட்டை!
மண்ணுக்குள் 500 ஆண்டுகளுக்கு மேல் கிடந்தும் மக்கவில்லை

அது 1921-ம் ஆண்டு. கிரீன்லாந்தின் தென்கோடியில் ஒரு பழைய இடுகாடு. ஊரின் பெயர் எர்யோல்ப்சுனெஸ். கடல் அலை கரையை அரித்துக்கொண்டே வந்தது. இடுகாட்டில் ஒரு பகுதியைக் கடல் விழுங்கிவிட்டது. எஞ்சியதையாவது காப்பாற்ற வேண்டும் என்று டென்மார்க்கில் இருந்து ஒரு குழு வந்தது. அதன் தலைவர் பவுல் நோர்லுண்ட்.

மண்ணைத் தோண்டினார்கள். மண் கல்லாக உறைந்து கிடந்தது. உள்ளே எலும்புகள் பல உளுத்துப் போயிருந்தன. ஆனால் துணி இருந்தது!

நீண்ட அங்கிகள், முக்காடுகள், காலுறைகள், குழந்தைகளின் சட்டைகள். செடிகளின் வேர் துணியைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. துணிகளைப் பதமாக எடுத்து, டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தேசிய அருங்காட்சி சாலையில் அவற்றைச் சுத்தம் செய்தார்கள்.

யார் இவர்கள்?

ஏறக்குறைய 985-ம் ஆண்டில் "சிவப்பு" எரிக் என்பவன் ஐஸ்லாந்தில் இருந்து ஆட்களைத் திரட்டி அங்கே குடியேறினான். பனி மூடிய தீவுக்குப் "பச்சை நாடு" என்று பெயர் வைத்தவனும் அவன்தான். நல்ல பெயர் வைத்தால் ஆட்கள் வருவார்கள் என்பது அவன் கணக்கு. கெட்டிக்காரன்!

வந்தவர்கள் ஆடு மாடு வளர்த்தார்கள். அங்கே மரம் அரிது. எல்லாப் பிணத்துக்கும் பெட்டி செய்ய முடியாது. ஆகவே பலரைப் பழைய உடையிலேயே சுற்றிப் புதைத்தார்கள். அதனால்தான் ஏழை எளியவர் உடுத்திய துணி நமக்குக் கிடைத்தது. ராஜாக்களின் பட்டாடையைப் பல ஊர்க் கோயில்களிலும் அரண்மனைகளிலும் பத்திரமாக வைத்தார்கள். குடியானவன் சட்டையை யார் வைப்பார்கள்? கிழியும் வரை உடுத்துவான். பிறகு கந்தலாகிவிடும்.

இரண்டுக்கு இரண்டு

அந்த உடைகள் பெரும்பாலும் ஒரே வகை நெசவு. அது என்ன நெசவு?

நம் வேட்டியை உற்றுப் பாருங்கள். நீளவாட்டில் ஓடுவது பாவு நூல். குறுக்கே ஓடுவது ஊடு நூல். ஊடு நூல் ஒரு பாவு நூலுக்கு மேலே போகும், அடுத்ததற்குக் கீழே போகும். இதுதான் சாதா நெசவு. பாய் முடைவதும் இப்படித்தான்.

கிரீன்லாந்துத் துணியில் ஊடு நூல் இரண்டு பாவுக்கு மேலே போகும், இரண்டுக்குக் கீழே போகும். அடுத்த வரிசையில் ஒரு நூல் தள்ளித் தொடங்கும். அதற்கடுத்த வரிசையில் இன்னொரு நூல் தள்ளும். இப்படியே தள்ளித் தள்ளி நெய்தால் துணியில் சாய்வான கோடு விழும். இன்று இளைஞர்கள் அணியும் ஜீன்ஸ் துணியிலும் சாய்வுக் கோடு உண்டு. அது இதன் உறவுதான். இந்த நெசவில் நூலை நெருக்கி அடிக்கலாம். துணி கனமாக இருக்கும். ஆனாலும் விறைக்காமல் மடியும்.

இந்தக் கம்பளித் துணிக்கு "வாத்மால்" என்று பெயர். ஐஸ்லாந்தில் இது பணமாகவும் செல்லுபடியானது. முழக் கணக்கில் துணியை அளந்து கொடுத்து வரி கட்டினார்கள், கடன் அடைத்தார்கள்.

நெய்தவர்கள் பெண்கள். தறி நின்ற தறி. சுவரில் சாய்த்து வைத்திருப்பார்கள். பாவு நூல் மேலிருந்து தொங்கும். நூல் விறைப்பாக நிற்க, அடியில் கல்லைக் கட்டுவார்கள். பெண் நின்றுகொண்டே நெய்ய வேண்டும். ஊடு நூலை மேல் நோக்கி அடிக்க வேண்டும். கை ஓயாத வேலை! ஆட்டின் நீண்ட முரட்டு மயிர் பாவுக்கு. உள்ளே இருக்கும் மெத்தென்ற மயிர் ஊடுக்கு.

ஒரு விசேஷம். கிரீன்லாந்துத் துணியில் பாவைவிட ஊடு நூல் நெருக்கமாக இருக்கிறது. அந்தக் காலத்தில் அங்கே குளிர் மேலும் கடுமையாயிற்று. பிள்ளைகளுக்குக் குளிராமல் இருக்கவே பெண்கள் ஊடு நூலை அப்படி நெருக்கினார்கள் என்பது ஆராய்ச்சியாளர் சிலரின் கருத்து.

குத்வெய்க்

ஒரு சவப்பெட்டிக்குள் சிறு குச்சி ஒன்று இருந்தது. அதில் பழைய எழுத்து. குத்வெய்க் என்ற பெண் கப்பலில் இறந்தாள், கிரீன்லாந்துக் கடலில் அவளை இறக்கிவிட்டார்கள் என்பது அதன் சாரம். உடல் கடலோடு போனது. பெயராவது புனித மண்ணில் இருக்கட்டும் என்று குச்சியைப் புதைத்திருக்கிறார்கள்.

1408-ம் ஆண்டு அந்த நாட்டில் ஒரு திருமணம் நடந்தது. இந்த மக்களைப் பற்றிய கடைசிச் செய்தி அதுதான். 1721-ல் ஹான்ஸ் எகெடே என்ற பாதிரியார் அவர்களைத் தேடிக் கப்பலில் போனார். இடிந்த சுவர்கள்தான் இருந்தன. அவர்களில் ஒருவர்கூட இல்லை.

அவர்களுடைய அங்கிகள் கோபன்ஹேகனில் இருக்கின்றன. மண்ணில் கிடந்து கிடந்து எல்லாம் பழுப்பேறிவிட்டன. சாய்வுக் கோடு மட்டும் இன்னும் தெரிகிறது.