நுரையீரல் புற்றுநோய்: வகை அறிந்தால் வழி தெரியும்

தாயில்பட்டி, வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில் இருமலை எவரும் பெரிதாக எண்ணுவதில்லை. பட்டாசு ஆலைத் தூசி, விறகடுப்புப் புகை, பீடி என ஒவ்வோர் இருமலுக்கும் ஒரு காரணம் முன்பே கைவசம் இருக்கும். ‘மருந்து வாடை ஒத்துக்கொள்ளவில்லை’ என்று மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்வோரும் உண்டு. இவ்விருமல்களுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆயினும் சிலவற்றின் பின்னே அந்நோய் மறைந்திருக்கக்கூடும்.

இந்நோய்க்குத் தலையாய காரணம் புகையிலை. பீடியும் அதில் அடங்கும். எனினும் ஒருபோதும் புகைக்காதவர்களுக்கும், பெண்களுக்கும் இது வருகிறது. காற்று மாசும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-இல் அறிவித்தது. ஆகவே நோயாளியைக் குறை கூறுதல் தகாது.

காசநோயும் புற்றுநோயும் எக்ஸ்ரே படத்தில் ஒன்றுபோலவே நிழலாகத் தெரியக்கூடும். காசநோய் மருந்து தொடங்கி இரண்டு மாதங்களாகியும் இருமலோ நிழலோ குறையவில்லையெனில், மீண்டும் மருத்துவரிடம் வாருங்கள். சளியில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், குரல் கம்முதல், மூச்சுத்திணறல் ஆகியவற்றையும் புறக்கணிக்கலாகாது. சி.டி. ஸ்கேன் கட்டியின் இடத்தைக் காட்டும். திசுப் பரிசோதனையே நோயை உறுதிசெய்யும். ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்று அஞ்சுவோர் பலர். அவ்வாறு நேர்வது மிக அரிது. அந்த அச்சத்தால் காலம் தாழ்த்துவதே பெருந்தீங்கு.

இந்நோய் இரு பெரும் வகைப்படும். 100 பேரில் ஏறத்தாழ 15 பேருக்கு வருவது ‘சிறு செல்’ வகை. இது விரைந்து பரவும். கீமோதெரபியும் கதிர்வீச்சும் இதற்குரிய முதன்மைச் சிகிச்சைகள். தொடக்கத்தில் நன்கு கட்டுப்பட்டாலும், பலருக்கு மீண்டும் தலைதூக்குவதால் தொடர் கண்காணிப்பு தேவை.

எஞ்சியோருக்கு வருவது ‘சிறு செல் அல்லாத’ வகை. தொடக்க நிலையில் அறுவைச் சிகிச்சையால் இதனை முழுமையாக அகற்ற இயலும். பரவிய நிலையிலும் வழி அடைபட்டுவிடுவதில்லை. இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. போன்ற மரபணு மாற்றங்கள் இருப்பின், நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரைகளாலேயே நோயைப் பல மாதங்கள், சிலருக்குப் பல ஆண்டுகள் அடக்கிவைக்கலாம். எனவே திசுவில் மரபணுப் பரிசோதனை செய்யப்பட்டதா என்று தயங்காமல் கேளுங்கள். மாற்றம் இல்லாதோருக்கு நோயெதிர்ப்புச் சிகிச்சையும் கீமோதெரபியும் உண்டு.

இனி, யாவரும் கேட்கத் தயங்கும் வினா. அமெரிக்கப் புள்ளிவிவரங்களின்படி, நோய் நுரையீரலுக்குள்ளேயே இருக்கையில் கண்டறியப்பட்டோரில் 100-க்கு 60-க்கும் மேற்பட்டோர் ஐந்தாண்டுகளைக் கடக்கின்றனர். பிற உறுப்புகளுக்குப் பரவிய பின் அது ஏறத்தாழ 10 ஆகக் குறைகிறது. இது பலரின் சராசரிக் கணக்கேயன்றி, உங்கள் ஒருவருக்கு விதிக்கப்பட்ட கெடு அன்று.

‘அவருக்குத் தெரிய வேண்டாம்’ என்று குடும்பத்தார் எங்களிடம் வேண்டுவதுண்டு. அந்த அன்பு புரிகிறது. ஆனால் பெரும்பாலான நோயாளிகள் தாமே ஊகித்துவிடுகின்றனர். பின்னர் தனிமையில் அஞ்சுகின்றனர். அவர் அறிய விரும்பும் அளவுக்கு உண்மையைச் சொல்வோம். வலியும் மூச்சுத்திணறலும் தணிக்கும் வலிநிவாரணப் பராமரிப்பை முதல் நாளிலிருந்தே கேட்டுப் பெறலாம்.

நகையை அடகு வைக்கும் முன், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையோ, ஆலைத் தொழிலாளருக்கான இ.எஸ்.ஐ. அட்டையோ உள்ளதா என்று பாருங்கள். அதனையும் பழைய எக்ஸ்ரே படங்கள் அனைத்தையும் அடுத்த முறை மறவாமல் கொண்டுவாருங்கள்.