கட்சி வேறு, எல்லை வேறு

காரக்கோணத்தில் என் கடைத் திண்ணைக்குத் தமிழரும் மலையாளிகளும் வருவார்கள். எல்லையில் குண்டு வெடித்த செய்தி வந்தால் போதும், "எல்லாம் உங்க கட்சியாலேதான்" என்று சண்டை தொடங்கிவிடும். சமணனாகிய நான் போரை விரும்புகிறவன் அல்லன். ஆனாலும் அப்போதெல்லாம் 1962-ஐ நினைவுபடுத்துவேன்.

அந்த ஆண்டு மே மாதம் அறிஞர் அண்ணா மாநிலங்களவையில் திராவிட நாடு கேட்டுப் பேசினார். அக்டோபர் 20-ல் சீனப் படை தாக்கியது. விலைவாசிப் போராட்டத்துக்காகச் சிறை சென்றிருந்த அவர், வெளியே வந்ததும் அரசின் போர் முயற்சிக்கு ஆதரவு என்று அறிவித்தார். பிரிவினைத் தடைக்கான 16-ஆவது சட்டத் திருத்தம் 1963-ல்தான் வந்தது. ஆதரவு அதற்கு முந்தியது. அவ்வாண்டே தி.மு.க. பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. அதனால் கட்சி அழிந்ததா? 1967-ல் மக்கள் ஆட்சியையே கொடுத்தார்கள்.

ஒற்றுமை என்றால் வாய்மூடி இருப்பது என்று நினைக்க வேண்டாம். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் விலக வேண்டும் என்று அவருடைய காங்கிரஸ்காரர்களே வற்புறுத்தினார்கள், விலகினார். போர் நடக்கும்போதே, நவம்பர் 8-ல், நாடாளுமன்றம் கூடி வெளிப்படையாக விவாதித்தது. நவம்பர் 14-ல் ஆக்கிரமிப்பை விரட்டுவோம் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அதே மேனனை 1971-ல் நம் திருவனந்தபுரம் தொகுதி மக்களவைக்கு அனுப்பியது.

குறையைத் திருத்தக் கேட்பது கடமை. ஓட்டுக்காகக் கேட்பது வியாபாரம். கேட்டவனைத் துரோகி என்று ஆளுங்கட்சி சொன்னால் அதுவும் வியாபாரமே. நம் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுப்போம்.