புயல் வருது... நீமோ பத்திரம்!

‘அடுத்த 48 மணி நேரத்தில் புயல் கரையைக் கடக்கும்’னு டி.வி-யில சொன்னதும் நம்ம ஊர்ல என்னென்ன நடக்கும்? அம்மா பால் பாக்கெட், மெழுகுவத்தி வாங்க ஓடுவாங்க. அப்பா பைக்கை மேடான இடத்துல ஏத்துவார். நாம மொபைலை சார்ஜ்ல போட்டுட்டு, ‘நாளைக்கு காலேஜ் லீவா?’னு தவம் கிடப்போம். ஆனா, ஹால்ல கண்ணாடித் தொட்டிக்குள்ள நீந்திக்கிட்டிருக்குற ஜீவன்களுக்கு யார் ஏற்பாடு பண்றது?

2003-ல ‘ஃபைண்டிங் நீமோ’ வந்ததுல இருந்தே ஆரஞ்சு - வெள்ளை கோமாளி மீன் மேல உலகத்துக்கே ஒரு கண்ணு. சென்னையில கொளத்தூர் பக்கம் போனா தெரு முழுக்க மீன் கடைகள். தங்கமீன்ல ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா உப்புத்தண்ணி தொட்டிக்கு மாறுற பசங்க இப்போ நிறைய. மேட்டர் என்னன்னா, உப்புத்தண்ணி தொட்டிங்கிறது ஐ.சி.யூ. பேஷன்ட் மாதிரி. எல்லாமே கரண்ட்லதான் ஓடுது!

2016 டிசம்பர் 12-ம் தேதி ‘வர்தா’ சென்னையை ஆட்டி வெச்சப்போ, பல ஏரியாக்கள்ல கரண்ட் வர நாள் கணக்காச்சு. 2018 நவம்பர்ல ‘கஜா’ வந்தப்போ டெல்டா கிராமங்கள்ல வாரக்கணக்கு. 2023 டிசம்பர் ‘மிக்ஜாம்’ல வேளச்சேரி, பள்ளிக்கரணை எல்லாம் தண்ணியிலயே நின்னுச்சு. மழை பேய ஆரம்பிச்சதுமே பாதுகாப்புக்காக சப்ளையை நிறுத்திடுவாங்க. அதனால, ‘ரெண்டு மணி நேரத்துல வந்துடும்’ங்கிற கணக்கெல்லாம் வேணாம் பாஸ். ரெண்டு நாளுக்கு ரெடியா இருங்க.

மூச்சுதான் முதல் பிரச்னை!

கரண்ட் போனா மீன் பட்டினியில சாகாது. மூச்சு முட்டித்தான் சாகும். கொஞ்சம் கெமிஸ்ட்ரி: 25 டிகிரி வெப்பத்துல ஒரு லிட்டர் நல்ல தண்ணியில சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். கடல் தண்ணியில சுமார் 6.7 தான். ஆரம்பத்துலயே கையிருப்பு கம்மி. பம்ப் நின்னு, தண்ணி மேல் பரப்பு அசையாம போச்சுன்னா புதுசா ஆக்ஸிஜன் உள்ளே வர்றதும் குறைஞ்சிடும். மீன் மட்டுமா மூச்சு விடுது? அம்மோனியாவைத் தின்னு தண்ணியைச் சுத்தமா வெச்சிருக்கிற பாக்டீரியாவுக்கும் ஆக்ஸிஜன் வேணும். அது படுத்துட்டா அம்மோனியா ஏறும். உப்புத்தண்ணியோட பி.ஹெச். 8.2 பக்கம் இருக்கறதால, அம்மோனியாவோட விஷம் நல்ல தண்ணியைவிட இங்கே அதிகம்.

ஸோ, லைட்டு வேணாம், ஸ்கிம்மர் வேணாம்... தண்ணியை அசைக்க ஒரே ஒரு பம்ப் ஓடினா போதும். பாதி ஜெயிச்ச மாதிரி!

இன்வெர்ட்டர் யாருக்கு?

இங்கேதான் வீட்ல சண்டை ஆரம்பிக்கும். தாத்தாவுக்கு ஃபேன், அம்மாவுக்கு கிச்சன் லைட்டு, தம்பிக்கு மொபைல், நமக்கு மீன்! சண்டைக்கு முன்னாடி கணக்குப் போடுவோம்.

12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் பேட்டரின்னா 1,800 வாட் ஹவர். நஷ்டம் போக 1,440 கையில நிக்குதுன்னு வெச்சுக்குவோம். ரெண்டு ஃபேன், ரெண்டு ட்யூப் லைட், இன்வெர்ட்டர் தனக்கே எடுத்துக்கறது எல்லாம் சேர்த்தா 205 வாட்ஸ் வரும். ஏழு மணி நேரத்துல பேட்டரி காலி! அதே பேட்டரியில 10 வாட்ஸ் பவர்ஹெட் ஒண்ணை மட்டும் ஓட்டினா, இன்வெர்ட்டர் தின்கிற 15 வாட்ஸையும் சேர்த்தே 57 மணி நேரம் தாங்கும். பேட்டரி பழசுன்னா இதுல பாதிதான்.

வீட்ல பேசித் தீர்க்க ஒரு வழி இருக்கு. ராத்திரி ஃபேன் தாத்தாவுக்கு, அதுல நோ ஆர்க்யுமென்ட். மீனுக்கு பேட்டரியில ஓடுற தனி ஏர் பம்ப் வாங்கிடுங்க. யு.எஸ்.பி. ஏர் பம்ப்பும் கிடைக்குது. 10,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க்ல சுமார் 30 வாட் ஹவர் எடுக்கலாம். 2 வாட்ஸ் பம்ப்னா 15 மணி நேரம்! ஒரே ஒரு சிக்கல்... சில பவர் பேங்க், ‘இவ்ளோ கம்மியா கரண்ட் எடுக்குதே, யாரும் யூஸ் பண்ணலைபோல’ன்னு நினைச்சுத் தானா ஆஃப் ஆகிடும். முன்னாடியே ஒரு ராத்திரி ஓட்டிப் பார்த்துடுங்க.

முந்தின நாள் ஹோம்வொர்க்

* சாப்பாட்டை நிறுத்துங்க. நல்லா வளர்ந்த மீன் ரெண்டு மூணு நாள் பட்டினியைச் சமாளிக்கும். சாப்பாடு போட்டா கழிவு, கழிவுன்னா அம்மோனியா.

* கொஞ்சம் தண்ணி மாத்திடுங்க. அதோட, தொட்டியில அஞ்சுல ஒரு பங்கு அளவுக்கு உப்புத்தண்ணி கலந்து மூடி வெச்சுக்குங்க. கரண்ட் போனா மோட்டார் ஓடாது, ஆர்.ஓ. மெஷினும் ஓடாது. அப்புறம் நல்ல தண்ணிக்கு எங்கே போறது?

* சம்ப் வெச்சிருக்கீங்களா? ப்ளக்கைப் பிடுங்கிப் பாருங்க. மேல் தொட்டித் தண்ணி கீழே இறங்கும்போது சம்ப் வழிஞ்சா, புயல் ராத்திரி ஹால்ல தனி வெள்ளம்தான்!

* ஏர் பம்ப் தொட்டியைவிடத் தாழ்வா இருந்தா, அது நின்னதும் ட்யூப் வழியா தண்ணி பின்னாடி இறங்கும். பம்ப்பை மேலே வைங்க, இல்லைன்னா ஒருவழி வால்வு போடுங்க. அது சின்ன ஐட்டம்தான்.

* ஒயரெல்லாம் பிளக்குக்குக் கீழே கொஞ்சம் தொங்கி ஏறட்டும். ஒயர் வழியா வழியிற தண்ணி பிளக்குக்குள்ள போகாது.

இருட்டுல என்ன செய்ய?

எதுவுமே இல்லையா? மக் இருக்கே! தொட்டித் தண்ணியை மொண்டு, ஓர் அடி உயரத்துல இருந்து திரும்ப ஊத்துங்க. அஞ்சு பத்து நிமிஷம், மணிக்கு ஒரு தடவை. ராத்திரி வீட்ல ஷிஃப்ட் போட்டுக்கலாம். மீனெல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறந்தா, அலாரத்துக்குக் காத்திருக்காம உடனே ஊத்த ஆரம்பிங்க.

முக்கியமான விஷயம், கொசுவத்தி! கரண்ட் இல்லாத ராத்திரியில எல்லார் வீட்லயும் புகையும். அதுல இருக்குற பைரித்ராய்டு மருந்து மீனுக்குக் கொடிய விஷம். ஏர் பம்ப் ரூம் காத்தைத்தான் இழுத்துத் தண்ணிக்குள்ள விடுது. ஸோ, தொட்டி இருக்குற ரூம்ல கொசுவத்தி, ஸ்பிரே ரெண்டுக்கும் தடா.

‘தொட்டியைப் போர்வையால மூடு’ன்னு யாராவது அட்வைஸ் பண்ணா, தேங்க்ஸ் சொல்லிட்டு விட்டுடுங்க. அது பனி கொட்டுற ஊருக்கு. நம்ம டிசம்பர் தொட்டிக்கு இதமாத்தான் இருக்கும். மூடியைத் திறந்து வெச்சா காத்து கிடைக்கும். மீன் குதிக்காம இருக்க மேலே ஒரு வலை போதும். மே மாசம் கரண்ட் போனாதான் சூடு வில்லன். அப்போ ஃப்ரீஸர்ல உறைஞ்ச தண்ணி பாட்டிலை மூடியோட மிதக்க விடலாம். ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும். சட்டுன்னு குளிர்ந்தாலும் மீன் தாங்காது.

ஜெனரேட்டர் வெச்சிருந்தா வீட்டுக்குள்ள மட்டும் ஓட்டாதீங்க. அந்தப் புகை மீனுக்கு முன்னாடி நம்மளை முடிச்சிடும்.

கரண்ட் வந்தாச்சு... அவசரப்படாதீங்க!

‘ஹேய்ய்ய்’னு தெருவே கத்தும். நீங்க பத்து நிமிஷம் பொறுங்க. வோல்டேஜ் ஏறி இறங்கினா சில்லர் புகைஞ்சிடும். மூடின கேனிஸ்டர் ஃபில்டர் இருந்தா, நேரா ஸ்விட்ச் போடவே போடாதீங்க. உள்ளே மணிக்கணக்கா காத்தில்லாம தேங்கின தண்ணி அழுகிப்போயிருக்கும். அது அப்படியே தொட்டிக்குள்ள பாய்ஞ்சா, ரெண்டு நாள் தாக்குப்பிடிச்ச மீனும் கடைசி நிமிஷத்துல காலி. கழட்டி, தண்ணியைக் கொட்டி, கழுவிட்டு மாட்டுங்க. அம்மோனியா டெஸ்ட் பண்ணுங்க. ரெடியா வெச்ச உப்புத்தண்ணி இப்போதான் ஹீரோ! சாப்பாடு மறுநாள், அதுவும் கொஞ்சூண்டு.

இன்னொரு விஷயம் ஃப்ரெண்ட்ஸ்... நம்ம கடல்ல இருக்குற கடினப் பவளம், கடல்குதிரை எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல இருக்கு. பிடிச்சு வளர்த்தா கேஸ்தான். கோமாளி மீனைத் தொட்டியிலயே இனப்பெருக்கம் பண்ற டெக்னிக்கை நம்ம நாட்டு விஞ்ஞானிகளே உருவாக்கிட்டாங்க. வாங்கும்போது கடல்ல பிடிச்சதா, பண்ணையில பிறந்ததான்னு கேட்டு வாங்குங்க.

செமஸ்டருக்கு முன்னாடி மாடல் எக்ஸாம் எழுதுறோம்ல? அதே மாதிரி இந்த ஞாயித்துக்கிழமை, வானம் பளிச்னு இருக்கும்போதே, தொட்டியோட மெயின் ப்ளக்கை ஒரு மணி நேரம் பிடுங்கிப் பக்கத்துலயே உட்காருங்க. எது வழியுது, எது நிக்குது, பேட்டரி பம்ப் ஸ்டார்ட் ஆகுதான்னு தெரிஞ்சிடும். இதுல ஃபெயிலானா பரவாயில்லை. புயல் வெக்கிற பரீட்சையில மீனுக்கு அரியர் கிடையாது!